உயரத்தை விடுங்கள், உடம்பைக் கேளுங்கள்: புதிய ரோலர் கோஸ்டர் ரசிகர்களுக்கு

ரோலர் கோஸ்டர் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு உயரம்?" அடுத்தது, "எவ்வளவு வேகம்?" இந்த இரண்டு எண்களும் விளம்பரப் பலகைக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஒரு ரைடு உங்களுக்குப் பிடிக்குமா என்பதை இவற்றை வைத்துச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சீடர் பாயிண்ட் என்று ஒரு பூங்கா. அங்கே 310 அடி உயர மில்லெனியம் ஃபோர்ஸும் இருக்கிறது, 105 அடி உயரமே உள்ள மேவரிக்கும் இருக்கிறது. இரண்டிலும் ஏறியவர்களில் மேவரிக்கை மேலே வைப்பவர்கள் ஏராளம். நானும் அந்தக் கட்சிதான். காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

ஓரிரு முறை ஏறிப் பார்த்து, பிடித்துப்போய், இனி கொஞ்சம் விஷயம் தெரிந்து ரசிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சீடர் பாயிண்ட்டிலிருந்தே வரும். ஈரி ஏரிக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலமுனையில், சாண்டஸ்கி ஊரை ஒட்டி இருக்கிறது அது. 1870-ல் ஏரிக்கரைக் குளியலிடமாகத் தொடங்கியது. முதல் ரோலர் கோஸ்டர் 1892-ல் வந்தது. இன்று 1964-ல் கட்டிய மர ரைடும் அங்கே ஓடுகிறது, 2025-ல் வந்த சைரன்ஸ் கர்ஸும் ஓடுகிறது. அறுபது ஆண்டுப் பொறியியல் வரலாற்றை ஒரே நாளில் நடந்தே போய் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் அதிகம் இல்லை. டிட்ராய்ட், கிளீவ்லேண்ட், கொலம்பஸ் பக்கம் இருப்பவர்களுக்குக் காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் தூரம்தான்.

படி 1: எதில் ஏறுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரசிகர்கள் முதலில் பிரிப்பது மரம், இரும்பு என்று. இங்கேயே புதியவர்கள் குழம்புவார்கள். தூண்கள் மரமாக இருந்தால் மர ரைடு என்று நினைத்துவிடக் கூடாது. ரயில் ஓடும் தடம் எதனால் ஆனது என்பதே கணக்கு. சீடர் பாயிண்ட்டில் 1978-ல் வந்த ஜெமினியைத் தூரத்திலிருந்து பார்த்தால் முழுக்க மரக்காடு. கிட்டே போய்ப் பாருங்கள், மேலே ஓடுவது இரும்புக் குழாய்த் தடம். ஆகவே அது இரும்பு ரைடு. அசல் மர ரைடு வேண்டுமென்றால் 1964-ல் கட்டிய ப்ளூ ஸ்ட்ரீக் இருக்கிறது: பலகைகளை அடுக்கடுக்காக வைத்து, அதன்மேல் மெல்லிய இரும்புப் பட்டை பதித்த தடம். ஓடும்போது தடதடக்கும், ஆடும், கிறீச்சிடும். அதுதான் அதன் குணம், குறை இல்லை.

மூன்றாவதாகக் கலப்பு வகை ஒன்று. 1991-ல் மீன் ஸ்ட்ரீக் என்ற 161 அடி மர ரைடைக் கட்டினார்கள். நாளாக ஆக உடம்பை உலுக்கி எடுக்கிறது என்று பெயர் வாங்கி, 2016-ல் நின்றது. ஐடஹோ மாநிலத்து ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனம் அந்த மரச் சட்டகத்தில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு, மேலே தன்னுடைய இரும்புத் தடத்தைப் பொருத்தி, உயரத்தை 205 அடியாக்கி, 2018-ல் ஸ்டீல் வென்ஜன்ஸ் என்று திறந்துவிட்டது. பழைய மர ரைடுகளை இப்படி மாற்றும் வேலையை அந்த நிறுவனம் 2011-ல் டெக்சஸில் தொடங்கியது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் ரசிகர்களின் விருப்பப் பட்டியல்களை இவ்வளவு புரட்டிப் போட்ட விஷயம் வேறு இல்லை என்பேன்.

உட்காரும் விதத்தை வைத்தும் பிரிக்கலாம். தடத்துக்குக் கீழே கால் தொங்க உட்கார்ந்தால் இன்வெர்ட்டட்; சீடர் பாயிண்ட்டில் 1994-ல் வந்த ராப்டர் அப்படி. தடத்தின் இரு பக்கமும் சிறகில் உட்கார்ந்தால் விங். 2013-ல் வந்த கேட்கீப்பர் அது. செங்குத்து விளிம்பில் நிறுத்தி வைத்து, கீழே எட்டிப் பார்க்க விட்டுத் தள்ளினால் டைவ். 223 அடி வால்ரவன். உயரத்துக்கும் பெயர்கள் உண்டு: 200 அடி தாண்டினால் ஹைப்பர், 300 தாண்டினால் கீகா. முழுச் சுற்று ஓடும் ரைடுகளில் 200 அடியை முதலில் தாண்டியது இங்கிருக்கும் மேக்னம் எக்ஸ்எல்-200, ஆண்டு 1989. 300 அடியை முதலில் தாண்டியதும் இங்கேதான், 2000-ல் மில்லெனியம் ஃபோர்ஸ். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஏற ஏற ஒட்டிக்கொள்ளும்.

படி 2: சின்னதிலிருந்து ஏறுங்கள்

நண்பர்கள் இழுத்துக்கொண்டு போய் முதலிலேயே பெரியதில் ஏற்றிவிடுவார்கள். பயந்து போய் அதோடு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி வேண்டாம். முதலில் 1969-ல் வந்த சீடர் க்ரீக் மைன் ரைடு, 48 அடிதான். அப்புறம் ஐயன் டிராகன். பெட்டிகள் தொங்கியபடி வளைவுகளில் ஆடும், பயமே இருக்காது. அதற்கப்புறம் ப்ளூ ஸ்ட்ரீக். 78 அடி, மணிக்கு 64 கிலோமீட்டர். எண்ணைக் கேட்டால் சிறிசாகத் தெரியும். ஆனால் மேடு மேடாகப் போய் மேடு மேடாகத் திரும்பும் அந்த ஓட்டத்தில், ஒவ்வொரு மேட்டிலும் சீட்டை விட்டு எழுவீர்கள். ஏர்டைம் என்று ரசிகர்கள் உருகுவது எதற்காக என்பதை முதலில் புரியவைப்பது இதுதான். இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

தலைகீழாகப் போவதற்குப் பயமா? 1976-ல் வந்த கார்க்ஸ்க்ரூ பழசு, தோளில் கொஞ்சம் இடிக்கும். மூன்று முறை தலைகீழாகப் போன முதல் ரோலர் கோஸ்டர் அது என்பதால் மரியாதைக்காகவாவது ஒருமுறை ஏற வேண்டும். ஆனால் பயம் தெளிய வேண்டுமென்றால் கேட்கீப்பர்தான் சரி. மெதுவாக, வழுக்கிக்கொண்டு திரும்பும். நாம் தலைகீழாக இருக்கிறோம் என்று மூளைக்குப் புரிவதற்குள் நேராகிவிடுவோம். தலைகீழ் வளையங்களில் கழுத்து வலிக்காததற்குக் காரணம் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர். சரியான வட்டமாக வளையம் கட்டினால் உள்ளே நுழையும்போது விசை ஒரேயடியாக ஏறி உடம்பை அழுத்தும். அவர் 1976-ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பூங்காவில் வந்த ரைடுக்காக, மேலே குறுகிக் கீழே அகன்ற நீர்த்துளி வடிவத்தைக் கொண்டுவந்தார். இப்போது எந்த வளையத்தைப் பார்த்தாலும் அந்த வடிவம்தான்.

இதெல்லாம் ஆனபின் மேக்னம், ராப்டர், வால்ரவன், பிறகு மில்லெனியம் ஃபோர்ஸ். மேவரிக்கையும் ஸ்டீல் வென்ஜன்ஸையும் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே அவற்றில் ஏறிவிட்டால் மற்றவை சப்பென்று தோன்றும், அது அவற்றுக்குச் செய்யும் அநியாயம்.

டாப் த்ரில் 2 பற்றிக் கேட்பீர்கள். 2003-ல் 420 அடி, மணிக்கு 193 கிலோமீட்டர் என்று உலக சாதனையோடு வந்த டாப் த்ரில் டிராக்ஸ்டரை மாற்றிக் கட்டியது அது. 2024 மே மாதம் திறந்து, சில நாட்களில் நின்று, 2025-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. ரயிலை வேகமெடுக்க வைக்க ஒரு தள்ளலுக்குப் பதில் இப்போது மூன்று தள்ளல். நடுவில் பின்பக்கமாகவும் ஒரு கோபுரத்தில் செங்குத்தாக ஏறும். ஓடினால் ஏறுங்கள். அதற்காக மட்டும் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். காற்று, மின்னல், குளிர் என்று எது வந்தாலும் உயரமானவைதான் முதலில் நிற்கும்.

படி 3: உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்

ஒப்பிடுவதற்கு ஒரு மொழி வேண்டும். "சூப்பரா இருந்துச்சு" என்பதோடு நிறுத்தினால் பத்து ரைடுகளும் ஒன்றாகிவிடும். கவனிக்க வேண்டியவை உண்மையில் மூன்றே விசைகள்.

கீழே அழுத்தும் விசை முதலாவது. பள்ளத்தின் அடியிலும் இறுக்கமான வளைவிலும் வரும். கன்னம் தொங்கும், கை தூக்க முடியாது. சில ரைடுகளில் இது நீண்ட நேரம் நீடித்து, ரத்தம் கால் பக்கம் இறங்கி, பார்வை ஓரத்திலிருந்து மங்கும். அப்படி வந்தால் தொடையையும் ஆடுதசையையும் இறுக்கிப் பிடியுங்கள், மூச்சை அடக்காதீர்கள். அன்று தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தால் இது சீக்கிரமே வரும்.

அடுத்தது பக்கவாட்டு விசை. மேல் சரிவு இல்லாத வளைவில் பக்கத்தில் இருப்பவர்மேல் போய் இடிப்பீர்கள். பழைய ரைடுகளில் அதிகம். புதிய இரும்பு ரைடுகளில் தடத்தையே சாய்த்து இதை அழித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தமே. பழைய மர ரைடு ஒன்று பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு போவதில் ஒரு முரட்டு மகிழ்ச்சி உண்டு.

ஏர்டைம்தான் எல்லோரும் தேடி அலைவது. நம் ஊர்ப் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வேகத்தடையில் பறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரயில் மேட்டின் உச்சியில் கீழ்நோக்கி வளைகிறது, உங்கள் உடம்போ நேராகப் போகப் பார்க்கிறது. விளைவு, சீட்டுக்கும் உங்களுக்கும் நடுவே இடைவெளி. இதில் இரண்டு ரகம் உண்டு. மெதுவாக மிதக்க விடுவதை ஃப்ளோட்டர் என்பார்கள். பெரிய, அகன்ற மேடுகளில் கிடைக்கும். தொடைமேல் இருக்கும் கம்பியில் பட்டென்று இடிக்கும்படி தூக்கி எறிவது இஜெக்டர். ஸ்டீல் வென்ஜன்ஸ் முழுக்க இரண்டாவது ரகம். ஓட்டத்தில் 27 நொடிக்குமேல் ஏர்டைம் என்று பூங்காவே அறிவித்தது. இரண்டில் எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஃப்ளோட்டர் பிடித்தவரிடம் இஜெக்டர் பிடித்தவர் சொல்லும் பட்டியல் வேலைக்கு ஆகாது.

இந்த மகிழ்ச்சிக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டியது ஜான் மில்லருக்கு. தடத்தின் அடியிலும் சக்கரம் வைத்து ரயிலைப் பிடித்துக்கொள்ளும் முறைக்கு 1919-ல் காப்புரிமை வாங்கியவர் அவர். அதற்கு முன் மேட்டில் வேகமாகப் போனால் ரயிலே தடத்தை விட்டு எழுந்துவிடும் ஆபத்து இருந்தது. இன்று ரைடு நிலையத்தில் நிற்கும்போது குனிந்து பாருங்கள்: மேலே ஓடும் சக்கரம், பக்கத்தில் அணைக்கும் சக்கரம், அடியில் பிடிக்கும் சக்கரம், மூன்றும் தெரியும். ஏறுவதற்கு முன் இதைப் பார்த்தால் பயம் குறையும். எனக்குத் தெரிந்த பலருக்குக் குறைந்திருக்கிறது.

படி 4: எந்த சீட் என்று கேளுங்கள்

பலரும் கவனிக்காத விஷயம் இது, ஒப்பீட்டையே மாற்றிவிடும். ஒரே ரைடு, முன் சீட்டிலும் பின் சீட்டிலும் இரண்டு வேறு ரைடுகள்.

ரயில் நீளமானது. ரயிலை மேலே இழுத்துச் செல்லும் முதல் ஏற்றத்தின் உச்சியில் முன்பெட்டி விளிம்பைத் தாண்டும்போது மற்ற பெட்டிகள் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே முன்னால் இருப்பவர் மெதுவாகத் தொங்குவார், கீழே இருக்கும் பள்ளத்தை நன்றாகப் பார்ப்பார். கடைசிப் பெட்டி விளிம்புக்கு வரும்போதோ முன்பெட்டிகள் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும். அவற்றின் எடை பின்னால் இருப்பவரைச் சுண்டி இழுக்கும். முதல் இறக்கத்தில் தூக்கிப் போட வேண்டும் என்றால் பின் சீட். நடுவில் வரும் மேடுகளில் முன் சீட்டுக்காரர் உச்சிக்கு ஏறும்போதே எழுவார், பின் சீட்டுக்காரர் உச்சி தாண்டி இறங்கும்போது எழுவார். காட்சியும் காற்றும் வேண்டும் என்றால் முன் சீட்.

மேக்னமில் இன்னொரு ரகசியம், ரகசியம் என்றாலும் ரசிகர்கள் அனைவருக்கும் தெரிந்ததே: முதல் பெட்டியின் மூன்றாவது வரிசை. திரும்பி வரும் வழியில் ஏரிக்கரையை ஒட்டி வரும் அந்தச் சின்னச் சின்னக் கூர்மேடுகளில் அந்த வரிசை எறியும் எறி வேறு எங்கும் கிடைக்காது. ப்ளூ ஸ்ட்ரீக் போன்ற மர ரைடுகளிலோ ஒவ்வொரு பெட்டியிலும் நடு வரிசை கொஞ்சம் மென்மையாக இருக்கும்; சக்கரங்கள் முன்னும் பின்னும் இருப்பதால் அதிர்வு நேராகத் தாக்காது. முதுகு வலி உள்ளவர்கள் நடு வரிசைக்குப் போங்கள். முதுகை சீட்டில் அப்பி வைக்காமல் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

குறிப்பிட்ட வரிசை வேண்டுமென்றால் நிலையத்தில் இருக்கும் ஊழியரிடம் தன்மையாகக் கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரம் பெரும்பாலும் விடுவார்கள். முடியாது என்றால் வாதாடாதீர்கள். ரயில் தாமதமானால் பின்னால் நிற்கும் நூறு பேருக்குத் தாமதம்.

படி 5: கிளம்பும் முன்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய ரைடுகளுக்கு 48 முதல் 54 அங்குலம் வரை குறைந்தபட்ச உயரம் உண்டு, ரைடுக்கு ரைடு மாறும். குழந்தையோடு போகிறவர்கள் பூங்காவின் தளத்தில் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அவ்வளவு நேரம் வரிசையில் நின்று கடைசியில் அளவுகோல் முன் அழும் குழந்தையைச் சமாதானப்படுத்துவது பெரும் பாடு. கர்ப்பிணிகள், இதயம், கழுத்து, முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள் ஏறக் கூடாது, இதில் விதிவிலக்கே கிடையாது.

செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ள ஷூ. துப்பட்டா, நீளமான சங்கிலி, தளர்ந்த கூந்தல், மூன்றையும் கட்டிக்கொள்ளுங்கள் அல்லது கழற்றி வையுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் பட்டை. போனை லாக்கரில் வைத்துவிடுங்கள். ஓடும் ரைடில் எடுக்கும் வீடியோ தடைசெய்யப்பட்டது மட்டுமில்லை, கைநழுவினால் பின்னால் இருப்பவர் முகத்தில் போய் விழும். காலையில் இட்லி போல லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிறுதான் சீக்கிரம் புரட்டும். உட்காரும்போது இடுப்பை முழுதாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, அப்புறம் கம்பியை இறக்குங்கள். அது தொடைமேல் நிற்க வேண்டும், வயிற்றின்மேல் இல்லை.

சீடர் பாயிண்ட் ஆண்டு முழுக்கத் திறந்திருக்காது. மே மாதம் தொடங்கி இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளைத் தவிர்த்து, மே கடைசி அல்லது ஜூன் முதல் வார நாட்களில் போனால் நிறைய ஏறலாம். திறந்த உடனே எல்லோரும் வாசல் பக்கத்து ரைடுகளில் நிற்பார்கள். நீங்கள் நேராகக் கடைசிக்கு, ஸ்டீல் வென்ஜன்ஸ் இருக்கும் பக்கம் போய்விடுங்கள் (முதல்முறை போகிறவர்கள் படி 2-ஐப் பாருங்கள், வரிசை நீண்டாலும் பரவாயில்லை).

படி 6: ஒப்பிடுங்கள், ஆனால் சரியாக

பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போட ஆரம்பித்தால் இரண்டாம் நாளே சிக்கல் வரும். முதலில் ஏறியதற்கு ஒன்பது கொடுத்துவிட்டு, அதைவிட நல்லது வந்தால் ஒன்பதரை, அப்புறம் ஒன்பதே முக்கால் என்று இடம் இல்லாமல் போகும். நான் பரிந்துரைப்பது ஜோடி ஜோடியாகப் பார்ப்பது. இரண்டு ரைடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வரிசையே இல்லை, ஆனால் ஒன்றில்தான் ஏறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் எந்தப் பக்கம் போகும்? அது மேலே. இப்படியே கீழிருந்து மேல்வரை அடுக்கிவிடலாம். மர ரைடுகளுக்காக மிட்ச் ஹாக்கர் என்ற ரசிகர் பல ஆண்டுகள் நடத்திய வாக்கெடுப்பு இந்த வகைதான்: இரண்டு ரைடுகளிலும் ஏறியவர்களின் ஒப்பீடு மட்டுமே கணக்கில் வரும். அதனால் தூரத்து ஊரில், சிலரே ஏறிய நல்ல ரைடுக்கும் நியாயம் கிடைத்தது. 1998 முதல் கோல்டன் டிக்கெட் விருதுகளும் வழங்கப்படுகின்றன. அதில் மில்லெனியம் ஃபோர்ஸ் சிறந்த இரும்பு ரைடாகப் பல ஆண்டுகள் வந்தது. பட்டியல்களைப் படியுங்கள், உங்கள் பட்டியலை எழுதி முடித்த பிறகு.

இறங்கிய உடனே, அடுத்த வரிசையில் நிற்கும்போது, நாலு வரி எழுதி வையுங்கள். எந்த சீட், எந்த நேரம், எந்த இடத்தில் உடம்பு எழுந்தது, எந்த இடத்தில் சலித்தது. நேரத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் சக்கரமும் மசகும் குளிர்ந்திருக்கும், ரயில் மந்தமாக ஓடும். நாள் முழுக்க ஓடிச் சூடேறியபின், கோடை இரவில் அதே ரயில் கண்கூடாக வேகமாகப் போகும். மேக்னமைக் காலை பத்து மணிக்கு ஏறிப் பார்த்துவிட்டுச் சுமார் என்று ஒருவர் சொன்னால், இரவு ஒருமுறை ஏறிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரே இனத்தோடு ஒப்பிடுங்கள் என்றும் சொல்வேன். ப்ளூ ஸ்ட்ரீக்கையும் டாப் த்ரில் 2-ஐயும் பக்கத்தில் வைத்து எது சிறந்தது என்று கேட்பதில் பொருள் இல்லை. ப்ளூ ஸ்ட்ரீக் தன் 78 அடியை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிறது என்று கேளுங்கள். ஒரு மேட்டைக்கூட வீணாக்காத ரைடு அது.

சரி, என் பட்டியல். முதலிடம் ஸ்டீல் வென்ஜன்ஸ். செங்குத்தாக விழுந்து, மரச் சட்டகத்துக்குள்ளேயே புகுந்து புகுந்து, நான்கு முறை புரண்டு, கடைசி நொடி வரை விடாமல் எறிகிறது. பெரிய ரைடுகளில் பாதி, முதல் இறக்கத்தோடு சரக்கு தீர்ந்துவிடும். இதில் கடைசிப் பகுதிதான் மிகக் கடுமையானது.

இரண்டாவது மேவரிக், 2007-ல் வந்தது. சங்கிலி இல்லாமல் காந்த மோட்டார் மேலே ஏற்றும். உச்சியில் 95 பாகை, அதாவது செங்குத்தையும் தாண்டி உள்நோக்கி விழும். நடுவில் இருட்டுச் சுரங்கத்தில் மறுபடி ஒரு தள்ளல், மணிக்கு 113 கிலோமீட்டர் வரை. திறப்பதற்கு முன் சோதனை ஓட்டத்தில் ஒரு சுழல் பகுதி ரயிலை அதிகமாக வருத்துகிறது என்று கண்டு, திறப்பு விழாவைத் தள்ளிப்போட்டு, அந்தத் தடத்தையே வெட்டி எடுத்து மாற்றினார்கள். தரையை ஒட்டி ஓடுவதால் வேகம் முழுக்கத் தெரிகிறது. முந்நூறு அடி உயரத்தில் பக்கத்தில் எதுவும் இருக்காது, வேகத்தை அளக்கக் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காது. மேவரிக்கில் பாறையும் தூணும் காதருகே போகின்றன. உயரம் மட்டும் போதாது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மூன்றாவது மில்லெனியம் ஃபோர்ஸ். சங்கிலிக்குப் பதில் கம்பிவடம் இழுப்பதால் 310 அடியை நம்ப முடியாத வேகத்தில் ஏறிவிடும், பயப்பட நேரம் தராது. உச்சியில் இடது பக்கம் முழுக்க ஈரி ஏரி. பிறகு 80 பாகை இறக்கம், மணிக்கு 150 கிலோமீட்டர். அதற்கப்புறம் எறிவதைவிட வழுக்குவதே அதிகம். ஏர்டைம் தேடுபவர்கள் குறைப்படுவது இதனால்தான். நான் குறைப்பட மாட்டேன். வேகத்தை மட்டுமே தூய்மையாகக் கொடுக்கும் ரைடுக்கும் என் பட்டியலில் இடம் உண்டு. நான்காவது மேக்னம், அந்த மூன்றாவது வரிசைக்காக. ராப்டர் ஐந்தாவது. உங்கள் பட்டியல் வேறு மாதிரி வந்தால் நல்லது, பேச நிறைய இருக்கும்.

எண்ணிக்கை பற்றி

ரசிகர்கள் ஏறிய ஒவ்வொரு ரோலர் கோஸ்டரையும் ஒரு க்ரெடிட் என்று எண்ணுவார்கள். ரோலர் கோஸ்டர் டேட்டாபேஸ் என்ற தளம் 1996 முதல் உலகெங்கும் உள்ள ரைடுகளின் உயரம், ஆண்டு, தயாரிப்பாளர் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறது. உங்கள் கணக்கைச் சரிபார்க்க அதுதான் இடம். எண்ண ஆரம்பித்ததும் வழக்குகள் கிளம்பும். ஜெமினியில் இரண்டு ரயில்கள் இரண்டு தடங்களில் பந்தயம் ஓடுகின்றன, அது ஒன்றா இரண்டா? 1996-ல் நின்றுகொண்டே போகும் ரைடாக வந்த மான்டிஸை 2015-ல் உட்கார்ந்து போகும் ரூகரூவாக மாற்றினார்கள், தடம் அதேதான். முன்பு ஏறியவர் மறுபடி எண்ணலாமா? ஒரு முடிவெடுத்து, கடைசி வரை அதே விதியை வைத்துக்கொள்ளுங்கள், போதும். எண்ணிக்கைக்காகக் குழந்தைகள் ரைடில் இடம் பிடித்து, வரிசையில் நிற்கும் குழந்தையைக் காக்க வைப்பது மட்டும் வேண்டாம்.

ஆர்வம் தொடர்ந்தால் அமெரிக்கன் கோஸ்டர் என்தூசியாஸ்ட்ஸ் அமைப்பில் சேரலாம், 1978-ல் தொடங்கியது. பூங்காக்களோடு பேசி உறுப்பினர்களுக்கெனத் தனி நேரம் வாங்கித் தருவார்கள். அதைவிட முக்கியம், இடிக்கப்படவிருக்கும் பழைய மர ரைடுகளுக்காகக் குரல் கொடுப்பவர்கள் அவர்கள். பென்சில்வேனியாவின் நோபல்ஸ் பூங்காவில் ஓடும் ஃபீனிக்ஸைப் பாருங்கள்: 1947-ல் டெக்சஸில் கட்டியது, பூங்கா மூடியபின் துண்டு துண்டாகக் கழற்றிக் கொண்டுவந்து 1985-ல் மறுபடி நிறுத்தினார்கள். ஏர்டைம் பட்டியல் எதை எடுத்தாலும் அது இருக்கும்.

அடுத்து எங்கே?

அதே ஒஹாயோவில், சின்சினாட்டிக்கு அருகே கிங்ஸ் ஐலண்ட். சீடர் பாயிண்ட்டில் கற்றதைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம். 2009-ல் வந்த டைமண்ட்பேக் முழுக்க ஃப்ளோட்டர். ஸ்டீல் வென்ஜன்ஸில் ஏறிய உடம்போடு இதில் ஏறினால் இரண்டு ஏர்டைமுக்கும் உள்ள வேறுபாடு ஒரே மேட்டில் தெளிவாகிவிடும். 1979-ல் வந்த தி பீஸ்ட் உலகின் மிக நீளமான மர ரோலர் கோஸ்டர், காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் ஓடும். பகலில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை ஏறி, இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். அப்புறம் 2020-ல் வந்த ஓரியன். இதன் உயரம் 287 அடிதான், ஆனால் தரைமட்டத்துக்குக் கீழே இறங்குவதால் முதல் இறக்கம் 300 அடி. இதைக் கீகா என்று சொல்லலாமா கூடாதா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இறக்கத்தை வைத்து அளந்தால் கீகாதான் என்பது என் வாதம். மில்லெனியம் ஃபோர்ஸில் ஏறிய கையோடு இதிலும் ஏறிவிட்டு உங்கள் வாதத்தைச் சொல்லுங்கள்.